உங்கள் தெருவுக்கு ஒரு வரைபடம்!



ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்கலாமா? உங்கள் தெருவில் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவீர்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் சொல்வீர்கள். அதே தெருவில் எத்தனை வகைச் செடிகள் இருக்கின்றன? அவற்றில் எது நம் ஊர்ச் செடி, எது வெளியிலிருந்து வந்தது?

தலையைச் சொறிகிறீர்கள்தானே? பரவாயில்லை. பெரியவர்களிடம் கேட்டாலும் பலர் அப்படித்தான் செய்வார்கள். இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

வாருங்கள், தென்னூரிலிருந்து புறப்பட்டு ஒரு நடை போவோம். உழவர் சந்தைப் பக்கம் சாலையோரத்தைப் பாருங்கள். சுவர் ஓரத்தில் குப்பைமேனி நிற்கும். அதன் வேரைப் பூனையிடம் காட்டினால் அது புரண்டு புரண்டு விளையாடும்! பக்கத்திலேயே துத்தி இருக்கலாம், எருக்கு இருக்கலாம். காலி மனை ஒன்று வந்தால், கேரட் இலை போன்ற இலையும் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்களுமாக ஒரு செடி கூட்டமாக நிற்பதைப் பார்க்கலாம். அதுதான் பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950-களில் புனே பக்கம் இது தென்பட்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று நாட்டில் அது இல்லாத மாநிலத்தைத் தேடத்தான் வேண்டும்.

அப்படியே புத்தூர்ப் பக்கம் நடந்தால் உய்யகொண்டான் வாய்க்கால். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி நகரத்துக்குள் புகுந்து, வாழவந்தான்கோட்டை ஏரி வரை போகும் பழைய வாய்க்கால் அது. இராசராச சோழனின் பட்டப்பெயர்களில் ஒன்று உய்யகொண்டான். அந்தப் பெயரைத்தான் வாய்க்கால் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. ஆனால் தண்ணீர் தேங்கும் இடங்களில் என்ன தெரியும்? தண்ணீரே தெரியாதபடி பச்சைப் போர்வை! அதன் மேல் ஊதாப் பூக்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதுதான் ஆகாயத்தாமரை. வெங்காயத் தாமரை என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் பூவின் அழகுக்காக மனிதர்களே ஆசைப்பட்டு நாடு நாடாகக் கொண்டுபோனார்கள்.

அழகான பூதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைக்கிறீர்களா? ஒரு கணக்குப் போடுங்கள். நல்ல வெயிலும் சத்தும் கிடைத்தால் ஆகாயத்தாமரை ஏறக்குறைய இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும். ஒரு குளத்தில் 10 செடிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு வாரம் கழித்து 20. நான்கு வாரத்தில் 40. அப்படியே பெருக்கிக்கொண்டே போங்கள். இருபது வாரத்தில், அதாவது ஐந்து மாதத்துக்குள், 10,240! முதல் வாரத்தில் ஒரு வாளி போதும். ஐந்து மாதம் கழித்துப் பெரிய இயந்திரம் வேண்டும். அதற்குச் செலவும் வேண்டும். போர்வைக்குக் கீழே வெளிச்சம் போகாது. காற்று கரையாது. மீன்கள் மூச்சுத் திணறும். மழைக்காலத்தில் தண்ணீர் ஓட வழியில்லாமல் ஊருக்குள் புகும்.

ஆகவே குழந்தைகளே, அந்த முதல் பத்துச் செடிகள் எந்தக் குளத்தில் இருக்கின்றன என்று தெரிந்துகொள்வதுதான் பெரிய வேலை. அதற்குத்தான் வரைபடம் வேண்டும்.

வரைபடம் என்றதும் உங்களுக்கு ஆறு, மலை, மாநில எல்லை எல்லாம் நினைவுக்கு வரும். உயிர்களுக்கும் வரைபடம் உண்டு. எந்தச் செடி எங்கே இருக்கிறது, எந்தப் பறவை எங்கே வாழ்கிறது என்று புள்ளி வைத்துக் காட்டும் படம் அது. இப்படிப்பட்ட வேலையில் நம் திருச்சிக்குப் பெரிய பெருமை உண்டு தெரியுமா?

மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் தூய வளனார் கல்லூரி இருக்கிறதல்லவா? அங்கே 'ராபினாட் ஹெர்பேரியம்' என்று ஒன்று இருக்கிறது. ஹெர்பேரியம் என்றால் உலர்த்திய செடிகளின் நூலகம். அந்தக் கல்லூரியில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ராபினாட் செடிகளைத் தேடித் தேடி ஆராய்ந்தவர். அவர் பெயரில் 1967-ஆம் ஆண்டு இதைத் தொடங்கியவர் அருட்தந்தை கே. எம். மேத்யூ. அவரும் அவருடைய மாணவர்களும் சமவெளி, குன்று, மலை என்று அலைந்து செடிகளைச் சேகரித்தார்கள். ஒவ்வொரு செடியையும் தாளுக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டினார்கள். தமிழகத்தின் சமவெளித் தாவரங்களைப் பற்றியும், பழனி மலைத் தாவரங்களைப் பற்றியும் அவர் எழுதிய பெரிய நூல்கள் இன்றும் ஆராய்ச்சியாளர்களின் மேசையில் இருக்கின்றன. 2004-இல் அவர் மறைந்தார். அட்டைகள் இருக்கின்றன.

ஒரு காய்ந்த செடியில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? செடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் சின்னத் துண்டுச் சீட்டைப் பாருங்கள். என்ன செடி, எந்த ஊர், எந்த நாள், யார் எடுத்தது என்று அதில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டுதான் வரைபடத்தில் ஒரு புள்ளி! ஆயிரம் சீட்டு ஆயிரம் புள்ளி. முன்பு ஓர் ஏரிக்கரையில் இருந்த செடி இன்று அங்கே இல்லையென்றால், அந்தச் சீட்டு இருப்பதால்தான் நமக்குத் தெரியும். எழுதி வைக்காத ஒன்று காணாமல் போனால், காணாமல் போனது என்றுகூட யாருக்கும் தெரியாது. இதை நினைத்தால் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது அல்லவா?

புள்ளிகளுக்கு ஆண்டையும் சேர்த்துப் போட்டால் இன்னொரு வேடிக்கை நடக்கும். படம் நகர ஆரம்பிக்கும்! மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். 2016-இல் ஆப்பிரிக்காவில் புள்ளி விழுந்தது. 2018-இல் கர்நாடகத்தில் புள்ளி விழுந்தது. அதே ஆண்டில் தமிழகத்து மக்காச்சோளக் காடுகளுக்கும் வந்துவிட்டது. புள்ளிகளைக் கோடாக இணைத்தால் பூச்சி வந்த வழி தெரியும். அது வாழும் இடங்களில் வெயில் எவ்வளவு, மழை எவ்வளவு என்று பார்த்து, அதேபோல வெயிலும் மழையும் உள்ள இடங்களைக் கணினி வண்ணமிட்டுக் காட்டும். அடுத்து எங்கே வரலாம் என்று முன்கூட்டியே விவசாயியை எச்சரிக்கலாம்.

எச்சரித்தால் போதுமா, விரட்ட முடியுமா? முடிந்திருக்கிறது. 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளிச் செடிகளில் மாவு அப்பியதுபோல ஒரு பூச்சி தென்பட்டது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளிக்கும் மல்பெரிக்கும் பரவியது. மருந்து அடித்தும் அடங்கவில்லை. விவசாயிகள் கண்ணீர் விட்டார்கள். சொந்த ஊரில் அடங்கிக் கிடந்த பூச்சி இங்கே ஏன் ஆட்டம் போட்டது? அங்கே அதைத் தின்னும் எதிரி உண்டு. இங்கே இல்லை. அந்த எதிரி எறும்பைவிடச் சிறிய ஒரு குளவி! 2010-இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து அந்தக் குளவியைக் கொண்டுவந்து, நம் செடிகளுக்குக் கெடுதல் செய்யாது என்று சோதித்துப் பார்த்து, பூச்சி இருந்த தோட்டங்களில் விட்டார்கள். மாவுப்பூச்சி அடங்கியது. பூச்சி எந்தெந்த ஊரில் இருக்கிறது என்று தெரிந்தால்தானே குளவியை அந்தந்த ஊருக்கு அனுப்ப முடியும்?

இதையெல்லாம் படித்துவிட்டு, வெளியிலிருந்து வந்த செடி எல்லாமே எதிரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் சமையலறை மிளகாய் எங்கிருந்து வந்தது? தக்காளி? பப்பாளி? முந்திரி? எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். சாலையோரம் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரமும் அங்கிருந்து வந்ததுதான். அவை வைத்த இடத்தில் நின்று வேலை பார்க்கின்றன. மற்ற உயிர்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டு பரவுபவைதான் தொல்லை.

சீமைக் கருவேலம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கதை. 1877-வாக்கில் விறகுக்கு உதவும் என்று கொண்டுவந்தார்கள். உதவவும் செய்தது. இன்றும் தென் மாவட்டங்களில் அதைக் கரி சுட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. ஆனால் அது ஏரிக்குள்ளும் மேய்ச்சல் நிலத்துக்குள்ளும் புகுந்து, புல்லையும் நாட்டு மரங்களையும் முளைக்கவிடாமல் செய்துவிட்டது. 2022-இல் தமிழக அரசு இப்படிப்பட்ட அயல் தாவரங்களை அகற்றித் திரும்ப நாட்டு மரங்களை வளர்ப்பதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. 'திரும்ப வளர்ப்பது' என்பதைக் கவனியுங்கள். பிடுங்கிய இடத்தை வெறுமனே விட்டால் அதே செடிதான் மறுபடி வரும். அங்கே முன்பு என்ன மரம் இருந்தது என்று யாரைக் கேட்பது? மறுபடியும் அந்தப் பழைய சீட்டைத்தான்!

வரைபடம் தொல்லைகளைக் கண்டுபிடிக்க மட்டும் அல்ல. நம் சொத்தைக் காப்பாற்றவும்தான். திருச்சிக்குப் பக்கத்தில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்க் காடுகள் இருக்கின்றன. பெரிய கண்ணும் மெல்லிய கையுமாக இரவில் மட்டும் நடமாடும் தேவாங்கு அங்கே வாழ்கிறது. பயிர்களைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவும் அப்பாவிப் பிராணி. அது எங்கெங்கே இருக்கிறது என்று இரவில் அலைந்து கணக்கெடுத்தார்கள். 2022-இல் அந்த 11,806 ஹெக்டேர் காட்டை அரசு தேவாங்குகளின் சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவிலேயே தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அதுதான்.

சரி, இதில் உங்களுக்கு என்ன வேலை?

கேரளத்தில் 2015 முதல் 2020 வரை மாநிலம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பறவைகளை எண்ணினார்கள். எண்ணியவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர். ஆர்வத்தோடு வந்த சாதாரண மக்கள். நம் தமிழகத்திலும் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகளை எண்ணுகிறார்கள். வீட்டு மொட்டைமாடியிலிருந்துகூட எண்ணலாம். நீங்களும் சேரலாம்.

அதற்கு முன் வீட்டுப்பாடமாக இதைச் செய்யுங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவை வரையுங்கள். ஐந்து பேரை மட்டும் தேர்ந்தெடுங்கள்: குப்பைமேனி, எருக்கு, பார்த்தீனியம், சிட்டுக்குருவி, மைனா. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். எந்தக் கட்டத்தில் பார்த்தீர்களோ அங்கே புள்ளி வையுங்கள். தேதியை மறக்காமல் எழுதுங்கள்.

மூன்று விதிகள் உண்டு. முதலாவது, எல்லாக் கட்டங்களுக்கும் போக வேண்டும். உங்கள் வீட்டு வாசலை மட்டும் பார்த்துவிட்டு, மைனா எங்கள் வாசலில்தான் வாழ்கிறது என்று சொல்லக் கூடாது! இரண்டாவது, தேடியும் கிடைக்காவிட்டால் 'இல்லை' என்று எழுத வேண்டும். போகாத கட்டத்தை வெறுமையாக விடலாம். போய்ப் பார்த்து இல்லாததை வெறுமையாக விடக் கூடாது. மூன்றாவது, பெயர் சரியாகத் தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய ஒரு பொய்ப் புள்ளி, நூறு உண்மைப் புள்ளிகளையும் கெடுத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. பார்த்தீனியத்தைத் தொடாதீர்கள்; சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத் திணறலும் வரும். மழையில் வரும் பெரிய ஆப்பிரிக்க நத்தையையும் கையால் எடுக்காதீர்கள். வாய்க்கால், குளம் பக்கம் பெரியவர்கள் துணையில்லாமல் போகவே கூடாது. பார்ப்பதும் எழுதுவதும்தான் உங்கள் வேலை.

முடிந்தால் தாத்தா பாட்டியிடம் உட்காருங்கள். அவர்கள் உங்கள் வயதில் இந்தத் தெருவில் என்ன மரம் இருந்தது, வாய்க்காலில் என்ன மீன் பிடித்தார்கள் என்று கேளுங்கள். அதையும் அடுத்த பக்கத்தில் வரைந்து வையுங்கள். இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒரு பாடம் கிடைக்கும்.

அடுத்த ஆண்டு இதே மாதம் மறுபடியும் அதே தெருவில் நடந்து பாருங்கள். எந்தப் புள்ளி கூடியது, எந்தப் புள்ளி குறைந்தது என்று உங்களுக்குத்தான் முதலில் தெரியும். அருட்தந்தை மேத்யூவின் அட்டைகள்போல உங்கள் நோட்டும் ஒரு நாள் யாருக்காவது வேண்டியிருக்கலாம். பழைய நோட்டு என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள், பத்திரமாக வையுங்கள்.

என்ன, பென்சிலைச் சீவியாகிவிட்டதா? புறப்படுங்கள்!

அன்புடன்,
ஆசிரியர்