டேட்டாபேஸ் அழிந்த அந்த இரவு... ரிமோட் டீம் லீடுகளே, உங்களுக்கு ஒரு கேள்வி!

ஸ்லாக்கிலோ டீம்ஸிலோ உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி அணைந்துவிடக் கூடாதே என்று மவுஸை அவ்வப்போது ஆட்டிவிட்டிருக்கிறீர்களா? வெட்கப்படாதீங்க, நிறைய பேர் செய்றதுதான்.

இப்போது அந்தப் புள்ளியை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும் ஆள் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். டீம் லீடாக புரமோஷன் வந்தாச்சு. எட்டுப் பேர். ரெண்டு பேர் சென்னை, ஒருத்தர் கோவை, மற்றவர்கள் போலந்திலும் அமெரிக்காவிலும். யார் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க வழியில்லை. என்ன செய்வீங்க?

பெரிய கம்பெனிகள் சொல்லும் பதில், 'ஆபீஸுக்கு வாங்க.' வாரத்தில் 5 நாளும் வர வேண்டும் என்று 2024 செப்டம்பரில் அமேஸான் அறிவித்தது; 2025 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. வீடியோ மீட்டிங்கை விற்றே வளர்ந்த ஜூம்கூட 2023-ல், ஆபீஸிலிருந்து 50 மைலுக்குள் வசிக்கும் ஊழியர்களை வாரம் 2 நாள் வரச் சொன்னது. (என்ன கொடுமை சார் இது!)

ஆனால், ஓ.எம்.ஆர் டிராஃபிக்கைத் தாண்டி ஆபீஸ் போய் உட்கார்ந்தாலும், நீங்கள் பேசப்போவது சியாட்டிலில் இருப்பவரோடுதானே? அங்கே கோடை என்றால் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், குளிர்காலம் என்றால் பதிமூன்றரை. கட்டடம் மாறினாலும் உங்கள் டீம் சிதறித்தான் இருக்கும். 

அடிப்படையில் இது நம்பிக்கைப் பிரச்னை. 2022-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆய்வில், 'நாங்கள் நன்றாகத்தான் வேலை செய்கிறோம்' என்றார்கள் 87% ஊழியர்கள். தன் டீம் அப்படிச் செய்கிறது என்று முழுசா நம்பிய தலைவர்கள் 12% பேர்தான்.

சரி, கண்காணிக்காமல் எப்படித்தான் டீமை நடத்துவது? 'கிட்லேப்' நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். சாஃப்ட்வேர் இன்ஜினீயர்கள் கோடு சேமித்துவைக்கும் தளம் அது. தலைமை அலுவலகம் என்று ஒரு கட்டடமே இல்லாமல், எல்லோரும் அவரவர் ஊரிலிருந்து வேலை பார்க்கும் கம்பெனி.

2017 ஜனவரி 31. டேட்டாபேஸில் கோளாறு. இரவு வெகுநேரம் வரை அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஓர் இன்ஜினீயர், மாற்று சர்வரில் இருப்பதை அழிப்பதாக நினைத்து, மெயின் சர்வரில் கமாண்டைத் தட்டிவிட்டார். ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜி.பி-யில் மிஞ்சியது 4.5 ஜி.பி!

பேக்கப் இருக்குமே? இருக்கணும். பார்த்தால், தினசரி பேக்கப் போய்ச்சேர வேண்டிய இடம் காலி. சாஃப்ட்வேர் வெர்ஷன் பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. 'தோற்றுவிட்டேன்' என்று அது அனுப்பிய மெயில்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. வேறொரு வேலைக்காக சுமார் 6 மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்த ஒரு நகல்தான் கடைசியில் கைகொடுத்தது. தளம் எழுந்து நிற்க ஏறக்குறைய 18 மணி நேரம் ஆனது. இடைப்பட்ட 6 மணி நேர டேட்டா போனது போனதுதான்.

கவனிக்க வேண்டியது, அந்தக் கம்பெனி அப்போது நடந்துகொண்ட விதம். என்ன உடைந்தது, என்ன முயற்சி நடக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி ஒரே டாக்குமென்ட்டில் எழுதிக்கொண்டே வந்தார்கள். மீட்புப் பணியை யூடியூபில் லைவாகக் காட்டினார்கள். பிறகு வந்த விரிவான அறிக்கையில் அந்த இன்ஜினீயர் 'டீம் மெம்பர்-1' மட்டுமே. அவரை வேலையை விட்டுத் தூக்கவும் இல்லை. 'ஏன் அழித்தாய்?' என்பதோடு நிற்காமல், 'பேக்கப் ஏன் வேலை செய்யவில்லை?' என்று நோண்டினார்கள். கிடைத்த பதில், பேக்கப் சரியாக எடுக்கப்படுகிறதா என்று சோதிப்பது யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை.

அந்த இரவு எல்லோருடைய புள்ளியும் பச்சையாக இருந்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. ரிமோட் லீடின் நிஜமான வேலை இங்கேதான் இருக்கிறது. முடிவு என்ன, ஏன் எடுத்தோம், யார் பொறுப்பு, எப்போதைக்குள் என்பதை எழுதிவைக்கணும். காலில் பேசி முடித்தது, தூங்கிக்கொண்டிருக்கும் சியாட்டில்காரருக்கு எப்படிப் போய்ச்சேரும்? அதைவிட முக்கியம், 'சொதப்பிட்டேன்' என்று ஒருத்தர் பத்தாவது நிமிஷத்திலேயே சொல்லும் தைரியம் டீமில் இருக்கணும். திட்டு விழும் என்று பயந்தால், ஆயிரம் மைல் தள்ளி இருப்பவருக்கு மறைப்பது ரொம்ப ஈஸி.

ரிமோட்டில் இழப்பே இல்லையா என்றால், இருக்கு. அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர்கள் மூவர் 2023-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் இன்ஜினீயர்களுக்குத் தங்கள் கோடு பற்றி அதிகக் கருத்துகள் கிடைப்பதாகக் காட்டியது. இதில் அதிகம் பலனடைவது இளையவர்கள். கற்றுக்கொடுப்பதில் சீனியர்களின் சொந்த வேலை குறைகிறது என்பதும் அதே ஆய்வில் உண்டு. அதனால், உங்கள் டீமில் ஃப்ரெஷர் இருந்தால் 'டவுட்னா கேளுப்பா' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிடாதீங்க. அவர் கேட்க மாட்டார். ஸ்கிரீனை ஷேர் செய்து, கூடவே உட்கார்ந்து கோடு எழுத ஒரு சீனியரின் வாரத்தில் சில மணி நேரத்தை ஒதுக்குங்க. அதை அந்த சீனியரின் அப்ரைசலிலும் வேலையாகவே கணக்கில் எடுங்க.

இப்போது அந்தக் கேள்வி... உங்கள் டீமில் பேக்கப்பைக் கடைசியாக ரீஸ்டோர் செய்து பார்த்தது யார், எப்போது? ஸ்லாக்கைத் திறந்து கேட்டுத்தான் பாருங்களேன்.