ஒரு மேடை போதாது

கொழும்பில் இலக்கியக் கூட்டங்களுக்குக் குறைவில்லை. வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் மண்டபங்கள் வார இறுதியில் சும்மா கிடப்பது அபூர்வம். குறைவு உரையாடலுக்குத்தான். மங்கல விளக்கு, தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரைக்கு நாலுபேர், வெளியீட்டுரை, முதற்பிரதி, பிறகு சிறப்புப் பிரதி வாங்குவோரின் நீண்ட வரிசை. நயவுரைக்கு வந்தவர் ஒலிவாங்கியைப் பிடிக்கும்போது ஏழரை தாண்டிவிடும். கொட்டாஞ்சேனைக்கு பஸ் பிடிக்க வேண்டியவர்கள் அதற்குள் எழும்பிவிடுவார்கள். சபையோர் கருத்துக்கு நேரமில்லை என்று தலைவர் அறிவிப்பார். ஏற்புரை, நன்றியுரை, கூட்டம் முடிந்தது.

ஏற்பாட்டாளர்களைக் குறைசொல்லி இது தீராது. கவிதை, நாடகம், மொழிபெயர்ப்பு, ஊர் வரலாறு எல்லாவற்றையும் ஒரே மேடையில், ஒரே சபைக்கு முன்னால், இரண்டு மணித்தியாலத்துக்குள் அடைக்கிறோம். யாப்பைப் பற்றி நுணுகிப் பேசக்கூடியவர் பொதுச் சபைக்காகத் தன் பேச்சைப் புகழுரையாக்கிக்கொள்கிறார். துறைக்கொரு சிறு வட்டம் வேண்டும். பத்துப் பதினைந்து பேர், முன்கூட்டியே வாசித்துவிட்டு வந்து, பொன்னாடை இல்லாமல் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும்.

பிரிவது என்றதும் நமக்கு ஒரு பயம் வருகிறது. அதற்குக் காரணம் உண்டு. 1954இல் அமைந்த இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் கைலாசபதி, சிவத்தம்பி, டானியல், டொமினிக் ஜீவா, எஸ்.பொ. என்று எத்தனை விதமான ஆட்களை ஒன்றாக வைத்திருந்தது! அறுபதுகளின் தொடக்கத்தில் எஸ்.பொ. வெளியேறி ‘நற்போக்கு’ என்று தனிவழி கண்டார். மொஸ்கோ, பீக்கிங் என்ற கம்யூனிஸ்ட் பிளவு இடதுசாரி எழுத்தாளரையும் இரண்டாக்கியது. அந்தக் காயத்தின் தழும்பு இன்னும் நம் கூட்டங்களில் தெரிகிறது. ஆனால் அங்கே ஒருவர் ஒரு பக்கத்தில்தான் நிற்க முடிந்தது. துறைவாரியான வட்டம் அப்படிக் கேட்பதில்லை. ஒருவர் செவ்வாய் நாடகத்துக்கும் வெள்ளி கவிதைக்கும் போகலாம்.

இதற்கு நம்மிடமே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. இலங்கைக் கலைக்கழகம் தமிழ் நாடகத்துக்கென்று தனிக்குழு வைத்திருந்தது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் அதற்குத் தலைமையேற்ற பேராசிரியர் சு. வித்தியானந்தனும் அவரோடு நின்றவர்களும் கூத்தைத் தேடி ஊரூராகப் போனார்கள், அண்ணாவிமாரைக் கௌரவித்தார்கள், ஏட்டுப் பிரதிகளைப் பதிப்பித்தார்கள். மட்டக்களப்பின் ‘அலங்காரரூபன் நாடகம்’ 1962இலும் மன்னாரின் ‘மூவிராசாக்கள் நாடகம்’ 1966இலும் நூலாயின. விடிய விடிய ஆடிய கூத்து ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று சுருங்கி நகர மேடைக்கு வந்ததும் அந்த உழைப்பின் தொடர்ச்சிதான். எல்லாக் கலைகளுக்கும் பொதுவான ஒரு சபை இவ்வளவு தூரம் நடந்திருக்குமென்று நாம் நம்பவில்லை. இன்றைக்கும் வலம்புரி கவிதா வட்டம் போயா தினங்களில் கவிதைக்காகவே கூடுகிறது. பெண்நிலை ஆய்வுக்கென்றே ‘நிவேதினி’ இதழ் வந்தது.

எந்த அடிப்படையில் பிரிப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். வெள்ளவத்தையார், கொட்டாஞ்சேனையார், வடக்கார், மலையகத்தார் என்று பிரிந்தால் அது நாசம். கொட்டாஞ்சேனைப் பக்கம் விவேகானந்த மேட்டில் 1902 முதல் இயங்கும் விவேகானந்த சபையின் பக்கம் வெள்ளவத்தை வாசகர் எத்தனைபேர் எட்டிப்பார்க்கிறோம்? ஊர் வரலாற்று வட்டம் அமைந்தால் வெள்ளவத்தை நெசவாலையில் வேலைசெய்தவர்களின் நினைவுகளையும் ஆமர் வீதிக் கடைச் சிப்பந்திகளின் கதைகளையும் ஒரே கொப்பியில் எழுதலாம். அந்த முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே எழுத வேண்டும்.

பொதுக்கூட்டம் ஒழியத் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா வட்டங்களும் கூடி, தாம் செய்ததைச் சபைமுன் வைக்கட்டும், கேள்விக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கி. வட்டங்களின் குறிப்புகளுக்கு இந்த இதழில் பக்கம் தருவோம். முதலில் சிங்களம்–தமிழ் மொழிபெயர்ப்பு வட்டத்தைத் தொடங்க எண்ணியிருக்கிறோம், அதுவும் கொட்டாஞ்சேனையில். சிங்களச் சிறுகதையை மூலத்திலேயே வாசிக்கக்கூடியவர்கள் நமக்கு எழுதுங்கள். எந்தக் கிழமை வசதிப்படும் என்பதையும் குறிப்பிடுங்கள்.