மங்கலப் பெயரும் மறைந்த கூலியும்



இனிய சொல்லைக் கேட்டு மனம் குளிர்வது மனித இயல்பு. ஆனால் அச்சொல் நம்மிடம் எதைக் கேட்கிறது என்பதையும் பார்த்தல் வேண்டும். தொழிலாளரை 'எங்கள் குடும்பத்தினர்' என்றழைக்கும் சில நிறுவனங்கள், கூலி நாளன்று அக்குடும்ப உறவை மறந்துவிடுவதுண்டு.

நூலும் பனியனும் பிழைப்பாக உள்ள நம் குன்னத்தூர் வட்டாரத்தார்க்குச் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயர் புதிதன்று. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளின் நூற்பாலைகள் பல, இப்பெயரால் ஏழைக் குமரிப் பெண்களை அழைத்தன. மூன்றாண்டுகள் விடுதியில் தங்கி உழைத்தால், முடிவில் 30,000, 50,000 ரூபாய் என ஒரு தொகை மொத்தமாகக் கிடைக்கும். திருமணத்திற்கு உதவும் என்றன. வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-ஆம் ஆண்டிலேயே வந்த நாட்டில், வரதட்சிணைக் கவலையே ஆள் சேர்க்கும் தூண்டிலாயிற்று!

அத்தொகை யாருடைய கொடை? பெரும்பாலும் அப்பெண்ணின் கூலியிலிருந்தே பிடித்து வைத்த பணம். வேலை நன்கு பழகிய பின்னும் அவள் 'அப்ரண்டிஸ்' என்றே எழுதப்பட்டாள்; அதனால் முழுக் கூலி இல்லை. நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு 2011-இல் வெளியிட்ட அறிக்கை இதனை உலகறியச் செய்தது.

நம் குற்றத்தையும் மறைக்கலாகாது. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் பணியாற்றுகையில், ஓர் ஆலையின் துண்டுப் பிரசுரத்தைக் கோவில் பலகையில் ஒட்ட நாம் இசைந்தோம். அதை நம்பிச் சென்ற பெண்ணொருத்தி, இரண்டரை ஆண்டில் மூச்சிரைப்போடு திரும்பினாள். தவணை நிறைவேறாததால் தொகை கிடையாதென்றனர். நாம் சென்று கேட்டபோது, அவள் கையொப்பமிட்ட தாளைக் காட்டினர். தாய் நம்மை நோகவில்லை. "கோயில்ல ஒட்டியிருந்துதுங்க சாமி, அதனாலதான் அனுப்பினோமுங்க" என்றாள். அச்சொல் இன்றும் நம் நெஞ்சில் முள்ளாய் உள்ளது.

தொடக்க நூலில் லாபானை நினைத்துப் பாருங்கள். யாக்கோபைத் தன் எலும்பும் சதையுமென உறவு கொண்டாடினான். ராகேலுக்காக ஏழாண்டுகள் உழைக்கச் செய்து, லேயாவைக் கொடுத்து ஏமாற்றினான். மேலும் ஏழாண்டுகள் வேலை வாங்கினான். திருமணத்தைக் காட்டி உழைப்பைப் பறிக்கும் தந்திரம் அத்துணைப் பழமையானது.

இருவரும் உடன்பட்டுவிட்டால் நீதி நிறைவேறிற்று என்பாரும் உளர். பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-ஆம் ஆண்டின் தம் சுற்றுமடலில் இதனை மறுத்தார். சிக்கனமாய் வாழும் தொழிலாளிக்கும் போதாத கூலியை, வறுமைக்கு அஞ்சி அவன் ஏற்றுக்கொண்டாலும், அது அநீதியே எனக் கற்பித்தார்.

பெற்றோரே, திட்டத்தின் பெயர் நாளை மாறலாம். பிள்ளையை அனுப்புமுன் சிலவற்றைக் கேளுங்கள். மாதக் கூலி எவ்வளவு? எவ்வளவு பிடிப்பார்கள்? சேமநிதி எண் தருவார்களா? ஞாயிறன்று திருப்பலிக்கு விடுவார்களா? நினைத்தபோது வீடு திரும்பலாமா? விடைகளை எழுத்தில் பெறுங்கள். படிக்க இயலாவிடில், தாளை நம்மிடம் கொண்டு வாருங்கள். இம்முறை ஒட்டுவதற்கு முன் படித்துப் பார்ப்போம்.

ஆம் என்றால் ஆம் என்றே இருக்கக் கற்பித்த ஆண்டவர், நம் இல்லங்களைக் காப்பாராக.