அடுத்த பழியும் நமக்கா?

குழந்தை பிறக்காத வீட்டில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவள் மருமகள்தான். மயிலாப்பூரில் நான் வளர்ந்த தெருவில் அப்படிப்பட்ட பெண்கள் அரச மரம் சுற்றினார்கள், விரதம் இருந்தார்கள், பிறகு ஸ்கேனும் ஊசியுமாக அலைந்தார்கள். கணவனின் விந்துப் பரிசோதனை கடைசியில்தான் வரும். சில வீடுகளில் வரவே வராது. இத்தனைக்கும் அதுதான் எளிது, வலியும் இல்லை. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் உடல் சார்ந்த காரணமும் உண்டு என்கிறது மருத்துவம். 'மலடி' என்று ஏசுகிற வாய்க்கு 'மலடன்' என்ற சொல் மட்டும் வருவதில்லை.

1940க்கும் 1990க்கும் இடையில் சராசரி விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 11.3 கோடியிலிருந்து 6.6 கோடியாகக் குறைந்தது என்று 1992இல் டென்மார்க் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தக் கணக்கைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆசிய, ஆப்பிரிக்க ஆண்களையும் சேர்த்துப் பார்த்து 2022இல் வெளியான ஆய்வும் சரிவையே சொன்னது. புகை, உடல் பருமன் ஆகியவற்றோடு பூச்சிமருந்தும் பிளாஸ்டிக்கில் சேர்க்கும் ரசாயனங்களும் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன.

பக்கத்திலேயே காசர்கோடு இருக்கிறது. அங்கே முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். அந்தப் பகுதிச் சிறுவர்களின் பருவ வளர்ச்சி தாமதமாவதாக 2003இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உச்ச நீதிமன்றத் தடை வந்தது 2011இல்.

பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தாலேட்டுகள், கருவிலிருக்கும் ஆண் குட்டியின் வளர்ச்சியையே கெடுப்பதை எலிச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. உடனே அறிவுரை யாருக்கு? கர்ப்பிணிக்கு. சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் வாங்காதே, நகப்பூச்சு போடாதே, வாசனை கிரீம் தடவாதே. நேற்றுவரை கருத்தரிக்காதவள் என்ற பழி. நாளை மகனின் விந்தணுவைக் கெடுத்தவள் என்ற பழி.

தி. நகர் துணிக்கடையில் நாள் முழுக்க பில் கிழித்துக் கொடுக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அந்த வகைத் தாளில் பிஸ்பீனால் பூசுவது உலகெங்கும் உள்ள வழக்கம். தன் கையிலிருக்கும் தாளில் அது உண்டா என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? தெரிந்தாலும் வேலையை விட்டுவிட்டு எங்கே போவாள்?

ஆகவே நான் கேட்பது இவைதான். குழந்தையில்லை என்று வருபவர்களில் கணவனுக்கும் முதல் நாளே பரிசோதனை செய்யுங்கள். எந்தப் பொருளில் என்ன ரசாயனம் என்று தயாரிப்பவன் எழுதட்டும்; கெடுதல் என்று தெரிந்ததை அரசு தடுக்கட்டும். கம்பெனியிடம் கேட்க வேண்டிய கணக்கை அடுப்படியில் வந்து கேட்காதீர்கள்.