கொழுந்துக் கூடையும் சுமைதாங்கியும்

காரணம் மூவகைப்படும் என்று சைவ சித்தாந்த வகுப்பிலே படிக்காத பழைய மாணவர் நம்முள் அரியர். குடத்துக்கு மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். உலகைப் படைக்கும் இறைவனுக்குக் குயவனை உவமையாக்கிய இவ்வெடுத்துக்காட்டு வழிவழியாக வகுப்பறைகளில் வழங்கிவருகின்றது. உவமை அழகியதே. ஆயினும் ஓரிடத்தில் அது பொருந்தாது. இறைவனுக்கு முதுகு நோவதில்லை, குயவனுக்கு நோகும்.

நிலத்தோடு ஒட்டிச் சுழலும் சக்கரத்தின் முன்னே குந்தியிருந்து, கோலினால் அதனை விசைத்துச் சுழற்றி, அவ்விசை அடங்குமுன் முதுகை வளைத்து இரு கையாலும் மண்ணை எழுப்புகின்றவன் அவன். குடம் உருவாகும் விதத்தை விரித்துரைக்கும் தருக்கம், அவன் நாளொன்றுக்கு எத்தனை முறை குனிகின்றான் என்பதைக் கணக்கிடுவதில்லை. இடுப்பிலே தொடங்கித் தோள்வரை ஏறும் அந்நோவு அத்தொழிலோடு உடன்பிறந்தது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. இத்தாலி நாட்டு வைத்தியர் பேர்ணாடினோ ரமசீனி என்பார் 1700 ஆம் ஆண்டிலே தொழிலாளருக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். குயவர்க்கும் அந்நூலில் இடமுண்டு. நோயாளியிடம் வைத்தியர் வழக்கமாகக் கேட்கும் வினாக்களோடு, அவர் செய்யும் தொழில் யாது என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். எளிய வினாத்தான்.

அவ்வினாவை உண்மையாகவே கேட்ட இடங்களில் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. இக்காலத்து மட்கலக் கலைஞர் பலர் சக்கரத்தை இடுப்பளவுக்கு உயர்த்திக்கொண்டனர். சிலர் நின்றுகொண்டே வனைகின்றனர். கலத்தின் வடிவைப் பார்க்கக் கழுத்தைச் சரிக்க வேண்டாதபடி எதிரே ஒரு கண்ணாடியை நிறுத்துகின்றனர். மண் பிசையும் மேசையைத் தாழ்வாக அமைத்து, தோளின் வலுவாலன்றி உடம்பின் பாரத்தாலேயே பிசைகின்றனர். இந்தியாவிலே காதி கிராமத் தொழில் ஆணைக்குழு 2018 ஆம் ஆண்டு முதல் குயவர்களுக்கு மின்சாரச் சக்கரங்களை வழங்கிவருகின்றது. அதனைப் பெற்றவர்க்குக் கோல் பிடித்துச் சுழற்றும் வேலை இல்லை. இம்மாற்றங்கள் யாவும் குயவனின் உடம்பிலே செய்யப்பட்டவை அல்ல, துணைக்காரணத்திலே செய்யப்பட்டவை. இதனை நினைவில் இருத்திக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

மடுல்சீமை மலைகளில் வளைகின்ற முதுகுகள் சக்கரத்தின் முன் வளைபவை அல்ல. தேயிலைச் செடியின் முன் வளைபவை. தமிழ் கற்பிக்கும் நமக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். வரவு இடாப்பை எடுக்கின்றவர்க்கு இதில் வேலை உண்டு. அடிக்கடி பிந்தி வந்த மாணாக்கி ஒருத்தியிடம் காரணம் கேட்டபோது, தாய்க்குத் தலைவாரிக் கொண்டை போட்டுவிட்டு வருவதாகக் கூறினாள். தாய்க்கு இன்னும் நாற்பது வயது நிரம்பவில்லை. வலக்கை தோளுக்கு மேல் எழுவதில்லை. ஆயினும் அக்கையினாலேயே அவர் அன்றும் கொழுந்தெடுக்கச் சென்றிருந்தார். மகளுக்குத் தாய் தலைவாரிவிடுவது உலக வழக்கு. அவ்வழக்கு தலைகீழான வீடு அவ்வொன்று மாத்திரமன்று என்பது, வகுப்பிலே மெல்ல விசாரித்தபோது தெரியவந்தது.

கொழுந்தெடுத்தலை இலேசான வேலை என்று கருதுவோர் தேயிலைப் பெட்டியின் மேலுள்ள படத்தை மாத்திரம் பார்த்தவர்கள். அப்படத்திலே கூடை தெரியும், புன்னகை தெரியும். உச்சந்தலையை அழுத்தும் கயிறு பெரும்பாலும் முக்காட்டுக்குள் மறைந்துவிடும். இரண்டிலையும் ஒரு மொட்டுமாகிய கொழுந்து ஒரு கிராம் நிறைக்கு மேற்படுவதில்லை. நாளொன்றுக்கு 18 கிலோ எடுத்தாற்றான் முழுப்பேர் என்று கொள்வோமாயின், பதினெண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட கொழுந்துகளை விரல்கள் கிள்ளியாக வேண்டும். கை நிறைந்ததும் அதனைத் தோளுக்கு மேலாற் பின்னே வீச வேண்டும். கையை உயர்த்திப் பின்னோக்கித் திருப்பும் அவ்வசைவே தோள்மூட்டை மிகவும் வருத்துவது. அதனை அவர்கள் நாள் முழுவதும் செய்கின்றனர். செடியின் மேற்றட்டுக்கு மேலாகக் கைகள் நீண்டிருக்க, இடுப்பு முன்சாய்ந்திருக்க, பின்னே கூடை கனத்துக்கொண்டே போகின்றது. முன்சாயும் உடம்பையும் பின்னிழுக்கும் கூடையையும் ஒருங்கே தாங்குவது கழுத்தும் நடுமுதுகுமேயாம். சரிவிலே நிற்பதால் இரு காலும் ஒரே மட்டத்தில் இருப்பதுமில்லை.

இனி, பருவத்தின் கொடுமை ஒன்று. ஆடி முதல் புரட்டாதிவரை வீசும் உலர்காற்றிலே ஊவாத் தேயிலைக்கு வரும் தனிச்சுவையை உலகச் சந்தை போற்றுகின்றது. அவ்வறட்சியிலே கொழுந்து அருகி நிற்கும். ஆகவே அதே நிறையைச் சேர்க்க மேலும் பல செடிகளைத் தேடி மேலும் பல முறை கிள்ள வேண்டும். வடகீழ்ப் பருவ மழை வந்ததும் நிலைமை மாறும். கொழுந்து செழிக்கும், ஆனால் ஈரம் சுமக்கும். இடுப்பிற் கட்டிய படங்கும் தலையிலிட்ட கொங்காணியும் நீர் குடித்துக் கனக்கும். தராசுக்கு வந்ததும் ஈரத்துக்கென்று சில கிலோ கழிக்கப்படும். மலையிலிருந்து தராசுவரை அந்நீரையும் சுமந்து வந்த முதுகுக்கு எவரும் எதையும் கூட்டித் தருவதில்லை.

இந்நோவுக்கு நாம் செய்துவருவது யாது? நிமித்த காரணத்துக்கு எண்ணெய் பூசுகின்றோம். கோடாலித் தைலமும் சுடுநீர் ஒத்தடமும் அன்றிரவைக் கழிக்க உதவும். அவற்றை இகழ்வது நம் நோக்கமன்று. ஆனால் நாள்தோறும் வெறுவயிற்றில் நோமாத்திரை விழுங்கி மலைக்குச் செல்லும் வழக்கம் அஞ்சத்தக்கது. அவற்றுட் பல இரைப்பையைப் புண்ணாக்கும். நெடுநாள் உட்கொண்டாற் சிறுநீரகத்தையும் கெடுக்கும். முதுகு பிடித்துக்கொண்டால் நாட்கணக்கிற் படுத்தே கிடக்க வேண்டும் என்பதும் பழைய எண்ணம். இயன்ற அளவு நடமாடுவதே நன்று என்பது இன்றைய வைத்தியத் துணிபு. காலிலே மரமரப்போ வலுக்குறைவோ தோன்றினாலும், சலமலங் கழிப்பதில் அடக்கம் தவறினாலும், தைலத்தையும் மாத்திரையையும் வைத்துவிட்டுத் தாமதமின்றிப் பதுளைப் பெரிய வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தாயார் சொல்ல நாணுவர், மாணாக்கர் கேட்டறிந்துகொள்க.

விதி என்றும் வயது என்றும் கூறி இதனை முடித்துவிடுவோருக்கு நாம் ஒன்று கூறுவோம். மலையிலே வழுக்கி விழுந்து கால் முறிந்தால் அது விபத்து. 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் அதற்கு உதவிக்கு வரும். இருபது ஆண்டுகள் கொழுந்து வீசித் தேய்ந்த தோளுக்கு விபத்து நிகழ்ந்த நாள் எது? எந்த நாளைக் குறித்து மனு எழுதுவது? ரமசீனி கேட்கச் சொன்ன வினா இங்கே பயனற்றுப் போனதற்கும் காரணம் உண்டு. மருந்துச்சாலைக்கு வரும் பெண்ணின் தொழில் யாது என்று கேட்கவே வேண்டியதில்லை, எல்லோர்க்கும் தெரியும். தெரிந்திருப்பதாலேயே எவரும் கேட்பதில்லை.

இம்மலைகளில் மாறாதது எதுவுமில்லை என்பர். கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும், 2024 இல் அடிப்படை 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. கூடை இருந்த இடத்திலே பல தோட்டங்களில் நைலோன் பை வந்தது. கயிறு மாத்திரம் அதே தலையில் அதே இடத்திலே கிடக்கின்றது. சம்பளத்தைப் பற்றிப் பேசும் மேடைகள் கயிற்றைப் பற்றிப் பேசக் கேட்டிலோம். சம்பளம் பெரிதன்று என்பது நம் கருத்தன்று. சம்பளம் உயரும்போதெல்லாம் எத்தனை கிலோ என்ற வாதமும் கூடவே எழுகின்றது, கூடும் கிலோ எந்த முதுகில் ஏறும் என்பதே நம் கவலை.

அவ்வாறாயிற் கயிற்றை நீக்கிவிட்டு, மாணாக்கரின் புத்தகப்பைக்கு உள்ளதுபோல் இரு தோள்வார்களும் ஓர் இடுப்புவாரும் வைத்துத் தைத்தால் என்ன? நாமும் முதலில் இவ்வாறே எண்ணினோம். இடுப்புவார் பாரத்தின் பெரும்பகுதியை இடுப்பெலும்புக்கு மாற்றும், கழுத்துத் தப்பும். ஆனால் கொழுந்தெடுக்கும் தாய்மாரிடம் இதைச் சொன்னபோது, மூத்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "வழுக்கினா தலையை ஒரு ஆட்டு ஆட்டினாப் போதும் சார், கூடை போயிரும், நாங்க நிப்போம், வாரு போட்டுக் கட்டினா கூடையோட நாங்களும் போவோம்" என்றார். நாற்காலியில் இருந்து சீர்திருத்தம் எழுதுவோர் அறியாத நுட்பம் இது. செங்குத்தான மலையிலே கயிறு ஒரு பாதுகாப்பும் ஆகின்றது. ஆகவே, இழுத்தவுடன் கழலும் கொளுக்கியோடு தோள்வார் செய்து, சில பெண்கள் சில நாள் சுமந்து பார்த்து, அவர்கள் ஒப்பிய பின்னரே அதனைப் பரப்புதல் முறை. கத்தரிக்கோல் கொண்டு கொழுந்து வெட்டும் முறை பற்றியும் இதையே கூறுவோம். அது விரலுக்கு ஓய்வு தரும்; ஆனால் கருவியின் பாரத்தை முன்னீட்டிய இரு கையிலும் ஏற்றித் தோளைச் சோதிக்கும்.

ஆனால் எவரிடமும் சோதித்துப் பார்க்க வேண்டாத ஒன்று நம் முன்னோரிடமே உண்டு. யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களிலும் தமிழகத்துப் பெருவழிகளிலும் மடமும் கேணியும் ஆவுரோஞ்சிக் கல்லும் இருந்தவாறே சுமைதாங்கியும் இருந்தது. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்திவிட்டால் அதுவே சுமைதாங்கி. தலைச்சுமையோடு தனியே வருகின்றவர், பிறர் கைகொடாமலே அதன்மேற் சுமையை இறக்கி இளைப்பாறி, மீண்டும் தாமே ஏற்றிக்கொண்டு போவர். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்காமற் போன சுமை இறங்குக என்று, அதனை நாட்டுவது வழக்கம். நம்மவர் கடல் கடந்து இம்மலைக்கு வந்தபோது கோயிலைக் கொணர்ந்தனர், கூத்தைக் கொணர்ந்தனர். நாம் நடந்த மலைவழிகளில் ஒரு சுமைதாங்கியையும் கண்டிலோம். சுமையே தொழிலாகிய நிலத்தில் இஃது இல்லாமற்போனது விந்தையே.

விழாவின் நினைவாக நுழைவாயிலில் ஒரு வளைவு எழுப்பலாம் என்றும், மண்டபத்து மேடையைப் பெருப்பிக்கலாம் என்றும் அன்பர்கள் யோசனை கூறிவருகின்றனர். வளைவு பார்வைக்கு நன்றாயிருக்கும். அதன்மேற் கூடையை இறக்குதல் இயலாது. அதற்காகும் பணத்தில் ஒரு பகுதியைக்கொண்டு, கொழுந்து மலையிலிருந்து நிறுவைத் தராசுக்கு வரும் வழிகளிலே, ஏற்றம் முடியும் இடங்களிலும் படிக்கட்டுத் திருப்பங்களிலும் சுமைதாங்கிகள் நாட்டலாம் என்பது நம் துணிபு. கருங்கல்லுக்கு இங்கே பஞ்சமில்லை. நிலம் தோட்டத்தினுடையது ஆதலின் நிருவாகத்தின் இசைவு வேண்டும். நம் பழைய மாணவருள் தோட்ட உத்தியோகத்தர் உளர், தொழிற்சங்கத்தார் உளர், வைத்தியர் உளர். மூவரும் ஒரே கடிதத்திற் கையொப்பமிட்டாற் போதும். தராசடியிலும் இத்தகைய மேடை ஒன்று இருப்பின், நிறைந்த கூடையை நிலத்தில் இறக்கி மீண்டும் குனிந்து தூக்கும் வேலை ஒழியும். ஒரு பொருளை நிலத்திலிருந்து தூக்குவதற்கும் இடுப்பளவிலிருந்து எடுப்பதற்கும் முதுகு அறியும் வேறுபாடு பெரிது.

உயரம் ஒன்றே ஆராயத்தக்கது. பழைய சுமைதாங்கி தலைச்சுமைக்கு ஆனமையாற் தோளளவு உயர்ந்திருக்கும். கூடையோ முதுகிலே தொங்குவது; திரும்பி நின்று அதன் அடியைச் சாய்க்கத்தக்க அளவுக்குக் கல் தாழ்ந்திருக்க வேண்டும், முழங்கால் மடிய வேண்டிய அளவுக்குத் தாழ்தலும் கூடாது. அவ்வளவை எப்புத்தகத்திலும் தேட வேண்டியதில்லை. வரும் தவணை விடுமுறையிலே பத்தாம் வகுப்பு மாணாக்கர் அளவுநாடாவும் குறிப்புப் புத்தகமுமாக மாலை நிறுவைக்குச் செல்லட்டும். வரிசையில் நிற்கும் தாய்மார், பெரியம்மாமார், அக்காமார் ஐம்பதின்மரின் கூடையடி நிலத்திலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து வரட்டும். கணித ஆசிரியர் இடை காண உதவுவார். கடிதத்தை நாம் எழுதுவோம்.