உறுதிபூசுதலோடு முடிவதல்ல மறைக்கல்வி

“பாட்டிக்காக எவ்வளவோ செபித்தோமே, கடவுள் ஏன் காப்பாற்றவில்லை?” என்று பிள்ளை கேட்கிறது. “சாமியார்கிட்ட போய்க் கேளு” என்கிறோம். நமக்கும் பதில் தெரியவில்லை.

சிறுவர்களுக்கு ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பு, ஆண்டு இறுதியில் தேர்வு, பரிசு. உறுதிபூசுதல் பெற்றதும் புத்தகத்தை மூடிவிடுகிறோம். பிறகு சங்கரன்கோவிலில் விசைத்தறியும் பூச்சந்தையும் குடும்பச் சுமையும் நம்மை இழுத்துக்கொள்கின்றன. பன்னிரண்டு வயதில் கற்றதைக்கொண்டே ஐம்பது வயதின் கடனையும் நோயையும் மரணத்தையும் சந்திக்கிறோம். குருக்களாகிய நாமும் பெரியவர்களின் மறைக்கல்வியைப் பெரிதாக எண்ணவில்லை.

நமக்குத் தெற்கே உள்ள வடக்கன்குளத்தில் 1745-இல் திருமுழுக்குப் பெற்றபோது புனித தேவசகாயத்துக்கு வயது 33. மணமானவர், அரசுப் பணியாளர். துன்பத்தில் உழன்ற அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னவர் குருவல்ல; படைத்தளபதி டிலனாய். அந்த விசுவாசமே 1752-இல் அவரை மறைசாட்சியாக்கியது. 2022 மே 15 அன்று அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

வயதுவந்தோருக்கான மறைக்கல்வியே அதன் முதன்மையான வடிவம் என்று 1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதினார். 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ், பொதுநிலையினருக்கென மறைக்கல்வியாளர் திருப்பணியை ஏற்படுத்தினார். ஏடுகளில் உள்ளது இல்லங்களுக்கு வரவேண்டாமா?

அன்பியக் கூட்டத்தில் செபமாலை முடிந்ததும் அரைமணி நேரம் அமர்வோம். வரும் ஞாயிறு நற்செய்தியை வாசித்து, மனத்தை உறுத்தும் கேள்விகளைத் தயங்காமல் கேட்போம். தாத்தாவும் பேரனும் சேர்ந்தே கற்கட்டும். அடுத்தமுறை பிள்ளை கேட்கும்போது, “வா, சேர்ந்து தேடுவோம்” என்றாவது சொல்வோம்.