ஒரேயொரு தரம் கறண்ட் வைத்தால் போதுமாம்

எங்கட பட்ச் நண்பி ஒருத்தியின் அப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய். நாங்கள் உண்டியலோடு பீடம் பீடமாகத் திரிந்த நேரம் வெளிநாட்டுச் சித்தப்பா ஒருவர் வீடியோ அனுப்பினார். ஒப்பரேஷன் நடக்கேக்கையே கறண்ட் வைப்பார்களாம். ஒரேயொரு தரம், அதோட சரியாம். சேர்க்க வேண்டிய தொகை அன்றைக்கே பல மடங்காகிவிட்டது.

கலைப்பீடப் பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை எண்டு கேட்பீர்கள். காசு கேட்கிற நாங்கள் எதற்குக் கேட்கிறோம் எண்டு தெரிந்திருக்க வேண்டாமா? தேடி வாசித்தோம்.

விஷயம் பொய் இல்லை, புதிதும் இல்லை. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மிட்சுயுகி அபே குழுவினர் 1960களிலேயே தொடங்கியது. கட்டியை வெட்டி எடுத்த பிறகு, குடலை ஒதுக்கிவிட்டு, கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் பெரிய அளவில் கதிரைப் பாய்ச்சுவது. கெட்டித்தனமான யோசனைதான். 211 பேரை ஒப்பிட்டதில், நோய் முற்றியவர்களில் ஐந்து வருடம் தாண்டியவர்கள் கதிர் பெற்ற பக்கம் கூட. ஆனால் யாருக்கு எது என்பதை வைத்தியசாலையில் சேர்ந்த நாளை வைத்துப் பிரித்திருந்தார்கள். அதில் சாய்வு வர இடமிருக்கு.

அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வு 1993இல் வந்தது. 41 பேர்தான், ஆனால் குலுக்கல் முறை. வெட்டிய இடத்திலும் அதை அண்டியும் நோய் திரும்பியது கதிர் பெற்ற 16 பேரில் 7 பேருக்கு. மற்றப் பக்கம் 25 பேரில் 23 பேருக்கு. வாசிச்சவுடன் நாங்களும் துள்ளினோம். ஆயுளைப் பார்த்தால் இடைநிலை அளவு 25 மாதம், 21 மாதம். இவ்வளவு சிறிய ஆய்வில் அது தற்செயலாகவும் வரலாம். இந்தப் புற்று ஈரலுக்கும் வயிற்றறை உறைக்கும் பரவும். கதிர் படாத இடத்தில் கதிர் என்ன செய்யும்?

'பலன் இருக்கு' எண்ட சொல்லில்தான் எங்களுக்குப் பிரச்சினை. அந்த இடத்தில் நோய் திரும்பாமல் விடுவது ஒன்று, ஆள் கூடக் காலம் இருப்பது இன்னொன்று. வீடியோவில் இரண்டும் சேர்ந்து 'குணமாகும்' எண்டு வருகிறது. 2001இல் 556 பேரில் செய்த ஆய்வில், ஒப்பரேஷனுக்குப் பிறகு மருந்தும் வெளியிலிருந்து வைக்கிற சாதாரண கறண்டும் சேர்ந்து 27 மாதத்தை 36 ஆக்கியது. இதை ஒரு சித்தப்பாவும் அனுப்பவில்லை. காணியை ஈடு வைக்க நிற்கிற வீட்டுக்கு இந்த வித்தியாசத்தை யாராவது ஆறுதலாக இருந்து சொல்ல வேணும்.

நண்பியிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கேட்கக் கொப்பியில் எழுதினாள்: 'எதுக்குப் பலன்? இங்க செய்யிறதை விட எவ்வளவு கூட?' உண்டியல் நிற்கவில்லை. நாளைக்கு விஞ்ஞான பீடம்.